கொயிலா, ஹொட் ஷவரா, கீசரா: ஹட்டன் பக்கத்து வீட்டுக் கணக்கு

அக்கா வீட்டுக் குளியலறைக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்ற பேச்சு தொடங்கி மூன்று மாதமாகிறது. அத்தான், தண்ணீர் ஓடும்போதே சுட வைக்கும் ஹொட் ஷவர் என்கிறார். அக்காவுக்குத் தொட்டியில் சுட வைக்கும் கீசர்மேல் ஆசை. அம்மாவோ, "இருக்கிற கொயில வாளியில போட்டா சுடாதா?" என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஜனவரி காலையில் நோர்வூட் பக்கம் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவியவர்களுக்கு இது சின்னச் சண்டை இல்லை என்று தெரியும். சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று மீட்டர்களை எடுத்துக்கொண்டு போனேன்.

வேண்டியது இரண்டே கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம், அதாவது தடை.

முதலில் அம்மாவின் கொயில். அதில் 230 வோல்ட், 1000 வாட் என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் 4.35 ஆம்பியர் இழுக்க வேண்டும், தடை 52.9 ஓம். மாலை ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் கேத்தலும் டிவியும் ஓடும் நேரம், பிளக் பேஸில் அளந்தால் 207 வோல்ட்தான். கிளாம்ப் மீட்டர் 3.9 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 807 வாட். கிட்டத்தட்ட 200 வாட்டைக் காணோம்! கொயில் பழுதா என்று 207ஐ 3.9ஆல் வகுத்துப் பார்த்தேன்: 53 ஓம். கொயிலில் குற்றமில்லை. வோல்ட் பத்து வீதம் இறங்கினால் ஆம்பியரும் பத்து வீதம் இறங்கும். இரண்டும் சேர்ந்து வாட்டை 19 வீதம் இழுத்துவிடும். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பக்கத்திலேயே மின்நிலைய டர்பைனைச் சுற்றுகிறது, நமக்கோ வயரின் கடைசி நுனியில் இந்த நிலை.

மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்து நேராகவே அளக்கலாமே என்பீர்கள். பிளக்கைக் கழற்றிய கொயிலுக்கு அது ஓரளவு சரியாக வரும். அந்தக் கம்பியின் தடை சூட்டில் கொஞ்சம்தான் கூடும். பழைய 60 வாட் குண்டு பல்பை அப்படி அளந்தால் ஏமாந்துபோவீர்கள். எரியும்போது அதன் தடை 880 ஓம் அளவில் இருக்கும், ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இப்போது குளியலுக்கு வருவோம். 15 லீட்டர் வாளித் தண்ணீரை 16 பாகையிலிருந்து 40க்குக் கொண்டுவர 0.42 யூனிட் போகும். கொயில், ஷவர், கீசர் எதில் சுட வைத்தாலும் அதே 0.42தான். "ஹொட் ஷவர் கரண்டைத் தின்னும்" என்பது பாதி உண்மை. நீண்ட நேரம் திறந்து வைத்தால்தான் தின்னும். நான்கு பேர் தினமும் ஒரு வாளி குளித்தால் மாதம் 50 யூனிட். மொத்த பில்லையே 60 யூனிட்டுக்குள் வைத்திருக்கப் பார்க்கும் வீட்டுக்கு மூன்றுமே இடிதான். அந்த வீட்டுக்குக் கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, எரிக்கும் அடுப்பே மேல்.

அத்தானின் ஹொட் ஷவர் 3500 வாட். அது கொழும்பில் ராஜா. அங்கே குழாய்த் தண்ணீரே 27 பாகையில் வரும் என்று வைத்தால், 40க்கு ஏற்ற 13 பாகை போதும். நிமிடத்துக்கு நாலு லீட்டர் வரை கொட்டும். இங்கே 24 பாகை ஏற்ற வேண்டும், ஆகவே இரண்டு லீட்டர்தான். மாலை 207 வோல்ட்டில் அதுவும் 1.7 ஆகிவிடும். நூல்போல் வடியும் தண்ணீருக்கு அடியில் முதுகு ஒரு பக்கம் சுட, மறுபக்கம் நடுங்க நிற்பதற்குப் பெயர் குளியலா?

அதைவிடப் பெரிய சங்கடம் ஆம்பியரில் இருக்கிறது. 3500ஐ 230ஆல் வகுத்தால் 15.2. சதுரப் பின் பிளக் தாங்குவது 13. தெரிந்த வீடொன்றில் ஷவரைச் சாதாரண பிளக் பேஸில் கொடுத்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தபோது ஒரு ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் தேயிலைச் சாயம்போல் பழுத்து, உள்ளே திருகாணி தளர்ந்து கிடந்தது. தளர்ந்த இடத்தின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, ஓமாலும் பெருக்கினால் அந்த இடத்தில் பிறக்கும் சூடு: ஷவருக்கு 46 வாட், கொயிலுக்கு நாலு வாட்டுக்கும் குறைவு. சுவருக்குள் ஒரு சோல்டரிங் அயனைப் பூட்டி வைத்த மாதிரி. ஷவர்தான் வேண்டுமென்றால் போர்டிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும். பழைய லயத்து வயரிங்கில் தொடவே கூடாது.

கொயிலின் ஆபத்து வேறு மாதிரி. பிளக்கைக் கழற்றாமல் தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்காத வீட்டில், சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டில், கொயிலை நான் சொல்லமாட்டேன்.

கீசருக்கு 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், பிளக்குக்குள் அடங்கும். 30 லீட்டர் தொட்டியை 60 பாகைக்குச் சுட வைத்துக் குளிர்ந்த தண்ணீர் கலந்தால் 55 லீட்டர் கிடைக்கும், மூன்றரை வாளி. மறந்துபோய் நாள் முழுக்கப் போட்டுவிட்டால் தொட்டியின் சூடு சும்மாவே கசியும், அது நட்டம். ஆனால் வோல்ட் நன்றாக இருக்கும் நேரத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் என்னை அதன் பக்கம் சாய்த்தது. அதிகாலை நாலு மணிக்கு அதே பிளக் பேஸில் அளந்தேன்: 226 வோல்ட். அந்த நேரத்தில் போட்டால் ஐந்து மணிக்குள் தொட்டி சுட்டுவிடும்.

அக்கா கீசருக்குச் சொல்லிவிட்டார். வயரிங் பாஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். "நாலு மணிக்கு யாரு எழும்பி சுவிட்ச் போடுறது?" என்று கேட்டார் அத்தான். "கொழுந்துக்குப் போன காலத்துல இருந்து நான்தான் நாலு மணிக்கு எழும்புறேன்" என்றார் அம்மா.