ஜெராய் மலை தெரியாத வீடுகள்

கெடா மாநிலத்தில் கோல கெட்டில் பட்டணத்திலிருந்து பாலிங் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு குடியிருப்பு வரும். என் தாயார் அங்கே தனியாக வசிக்கிறார். மெல்பர்னில் குடியேறிவிட்ட நான் கடந்த நவம்பரில் மூன்று வாரம் அவருடன் தங்கியிருந்தேன். முன்பதிவு செய்து போனதால் அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவின் மருந்தை அரை மணி நேரத்தில் வாங்க முடிந்தது. அவருடைய அடையாள அட்டையை மாற்றும் வேலையும் ஒரே காலையில் முடிந்தது. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூன்று வாரத்தில் என் நேரத்தையும் மனத்தையும் மிகுதியாக எடுத்துக்கொண்டது கூடத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிதான்.

அம்மா பார்ப்பது மிகக் குறைவு. டிவி2 இல் தமிழ்ச் செய்தி, பெர்னாமா செய்தி அலைவரிசையில் தமிழ்ச் செய்தி, காலையில் தொலைக்காட்சியோடு இணைத்த டிக்கோடர் பெட்டி வழியாகவே மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி, அவ்வளவுதான். மூன்றுக்கும் மாதக் கட்டணம் கிடையாது. நான் போய் இறங்கிய அன்று மாலை, செய்தி தொடங்கிய நான்காவது நிமிடத்தில் வாசிப்பவரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே உறைந்துவிட்டது. குரல் துண்டு துண்டாக வந்து அதுவும் நின்றது. அதன் பிறகு சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு மட்டும் திரையில் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். நான் கேட்டபோது, "மழ வந்தா இப்டித்தான்யா. எல உதிர்ற மாசத்துல நல்லா வரும்" என்றார்.

இந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மெல்பர்னுக்குப் போன புதிதில், 2012, 2013 ஆம் ஆண்டுகளில், ஏரியல் (ஆன்டெனா) பொருத்தும் ஒருவரிடம் உதவியாளாக நான் வேலை பார்த்திருக்கிறேன். ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். தொலைக்காட்சி அலை அந்த மரங்களின் ஊடாகத்தான் வீட்டுக்கு வருகிறது என்றால், அடர்ந்த இலையும் அதன் மேல் நிற்கும் மழைநீரும் அலையின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். இலை போனதும் அலை வரும். இதை யாரும் சொல்லித் தராமல், பல ஆண்டு பார்த்துப் பார்த்தே அம்மா கண்டுபிடித்திருக்கிறார்.

மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தும் பணி 2019 ஜூலை 21 அன்று லங்காவியில் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சபா, சரவாக் மாநிலங்களோடு முடிந்தது. அதன் பிறகு தரைவழி ஒளிபரப்பு முழுவதும் டிவிபி-டி2 என்னும் டிஜிட்டல் முறையில் நடக்கிறது. மக்கள் இதை மைஃப்ரீவியூ என்ற பெயரில் அறிவார்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பது இதற்கு முந்திய டிவிபி-டி முறை. அம்மாவின் படுக்கையறைக்கென்று நான் மெல்பர்னிலிருந்து தூக்கிவந்த சிறிய தொலைக்காட்சி இங்கே ஓர் அலைவரிசையைக்கூடப் பிடிக்காததற்கு அதுவே காரணம். வெளிநாட்டிலிருந்து பெட்டி வாங்கி வருபவர்கள் இந்த ஒன்றை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பகுதிக்கு அலையை அனுப்பும் நிலையம் 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலையில் இருக்கிறது. கடாரத்தை நோக்கி வந்த கப்பல்களுக்குக் கடலிலிருந்து முதலில் தெரிந்த அடையாளமும் அதுதான் என்பார்கள். பக்கத்து நகரமான சுங்கை பட்டாணியில் நின்றால் அது கண்ணில் படும். அம்மாவின் வீட்டிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் இருக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் அலைக்கு இது பெரிய தூரமே அல்ல. ஆனால் வீட்டுக்கும் மலைக்கும் நடுவில், தோட்டத்தின் பக்கமாக ஒரு மேடு இருக்கிறது. மேட்டின் மேல் மரம். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் ஜெராய் தெரியாது.

அனலாக் காலத்திலும் இந்த மேடு இருந்தது. அப்போது படத்தில் புள்ளி விழும், ஒருவருக்குப் பக்கத்தில் நிழல்போல் இன்னொருவர் நிற்பார், ஆனாலும் செய்தியைக் கேட்டுவிட முடிந்தது. டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. வரும் அலை ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மேல் இருக்கும்வரை கண்ணாடிபோல் தெளிவாக வரும். அதற்குக் கீழே ஒரு படி இறங்கினாலும் படம் உடைந்து, அடுத்த படியில் எல்லாமே போய்விடும். அந்த விளிம்பில் நிற்கும் வீடுகளில்தான், காலையில் நன்றாக வந்தது மாலை மழையில் இல்லாமல் போகிறது. இதை விளங்கிக்கொள்ளாத வீட்டார், பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி வேறு பெட்டி வாங்குகிறார்கள்.

மறுநாள் காலை ஏணி வைத்துக் கூரையில் ஏறினேன். அங்கே இருந்தது அப்பா காலத்து ஏரியல். அதன் கம்பிகள் ஒன்றரை முழத்துக்கும் அதிக நீளமானவை, விஎச்எஃப் என்னும் நீளமான அலைகளுக்காக அளந்து செய்யப்பட்டவை. டிஜிட்டல் ஒளிபரப்போ அதைவிடக் குறுகிய அலைகளுக்குரிய யுஎச்எஃப் பட்டையில் 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வருகிறது; அதற்கு ஏறக்குறைய ஒரு சாண் நீளக் கம்பிகளே பொருந்தும். டிக்கோடர் வந்த புதிதில் அதைப் பழைய ஏரியலின் கேபிளிலேயே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேபிளின் மேல்தோல் வெயிலில் வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. போதாததற்கு, வீடு தேடி வந்த ஒரு விற்பனையாளரிடம் அம்மா இரண்டு முறை, அலையைப் பெருக்கும் பூஸ்டர் கருவி வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் 90 வெள்ளி (ரிங்கிட்).

அந்தப் பூஸ்டர்தான் நிலைமையை மேலும் கெடுத்திருந்தது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஊரில் பாதி வீடுகளில் அது இருக்கிறது. பழைய வகைப் பூஸ்டர்கள் 862 மெகாஹெர்ட்ஸ் வரை வரும் எல்லாவற்றையும் வேறுபாடின்றிப் பெருக்கும்படி செய்யப்பட்டவை, ஏனென்றால் முன்பு அந்தப் பட்டை முழுவதும் தொலைக்காட்சிக்கு உரியதாக இருந்தது. இன்று 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசி இணையத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. மலேசியாவின் 5ஜி சேவை அதைப் பயன்படுத்துகிறது. 30 கிலோமீட்டரிலிருந்து களைத்து வரும் தொலைக்காட்சி அலையோடு, பக்கத்துக் கோபுரத்தின் வலுவான கைப்பேசி அலையும் பூஸ்டருக்குள் நுழையும்போது அது திணறி, எல்லாவற்றையும் கலங்கலாக்கித் தருகிறது. டிக்கோடரின் பட்டியலில் அலையின் வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் காட்டப்படும். அம்மா வீட்டில் வலிமை 85 என்றும் தரம் 25 என்றும் இருந்தது. பூஸ்டரைக் கழற்றியதும் வலிமை 50க்கு இறங்கியது, தரம் 40க்கு ஏறியது. பார்க்க வேண்டியது தரத்தைத்தான். வலிமையை மட்டும் காட்டிப் பொருள் விற்பவர்களை நம்ப வேண்டாம்.

சுங்கை பட்டாணியில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடையில் யுஎச்எஃப் ஏரியல் ஒன்று, புதிய கேபிள் 20 மீட்டர், துருப்பிடிக்காத குழாய், முனைகள் எல்லாம் சேர்த்து 163 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டு பூஸ்டர்களின் விலையைவிட அது குறைவு. பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரின் பேரன் உதவிக்கு வந்தான். குழாயில் ஏரியலைக் கட்டி, அவன் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்க, நான் கூடத்தில் அளவைப் பார்த்துச் சத்தம் போட்டேன். பழைய ஏரியல் இருந்த கூரை முனையில் தரம் 45க்கு மேல் ஏறவில்லை. சமையலறைக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்துக்கு அருகில் வந்தபோது 72 காட்டியது. மேட்டின் தோள் வடமேற்குப் பக்கம் அங்கேதான் சற்றுத் தாழ்கிறது; அந்த இடைவெளி வழியாக அலை வளைந்து இறங்குகிறது. குழாயை அங்கேயே சிமெண்டில் ஊன்றினோம். அன்று மாலை மழை கொட்டியது. செய்தி முடியும்வரை படம் உடையவில்லை. அம்மா விளம்பரத்தைக்கூட எழாமல் பார்த்தார்.

செய்தி பரவி, அடுத்த பத்து நாளில் ஏழு வீடுகளுக்குப் போய்வந்தேன். இரண்டு வீடுகளில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிக்கோடர் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை என்றார்கள். ஒரு வீட்டில் அலைவரிசைகளை மறுபடி தேடிப் பதிய வேண்டியிருந்தது மட்டுமே குறை. ஐந்து நிமிட வேலைக்காக ஓராண்டாகத் தொலைக்காட்சி இருண்டு கிடந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் ஓர் அக்கா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரி 17 அன்று, பள்ளிப் பாடங்களுக்காக டிடிக்டிவி தொடங்கப்பட்டபோது, கைப்பேசியில் டேட்டா போட முடியாத தம் பேத்திக்கு அதையாவது காட்டலாம் என்று முயன்றாராம். படம் நிற்கவில்லை. பிள்ளை ஏரியல் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றே பாடம் கேட்டாளாம்.

கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே, அரசாங்க ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆர்டிஎம் கிளிக் செயலி இருக்கிறதே என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். அதற்கு டேட்டா வேண்டும், பெரிய திரை வேண்டும், எழுபத்தைந்து வயதில் விரல் பழக வேண்டும். கட்டணச் செயற்கைக்கோள் சேவைக்கு மாதச் சந்தா வேண்டும், கனமழையில் அதுவும் நிற்கும். கட்டணமின்றி வீட்டுக்குள் வரும் செய்தி ஒரு குடிமகனுக்குச் சேர வேண்டிய பொதுச் சேவை என்றே நான் கருதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் அனலாக் நிறுத்தம் 2013 டிசம்பரில் மெல்பர்னோடு முடிந்தது. அங்கே முழு ஓய்வூதியம் பெறுவோருக்கென ஓர் உதவித் திட்டம் இருந்தது. பெட்டியைத் தருவதோடு ஆளே வீட்டுக்கு வந்து பொருத்துவார். தேவைப்பட்டால் கேபிளையும் ஏரியலையும் மாற்றுவார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். பாதி நேரம் பெட்டிக்கு, மீதி நேரம் கூரைக்குப் போகும். எங்கள் ஊரில் பெட்டி வந்தது, கூரை மறக்கப்பட்டது. பணம் செலவிட்டு மலை உச்சிவரை கொண்டுபோன சேவையின் கடைசி இருபது மீட்டரை, ஏணி ஏற முடியாத முதியவர்களிடம் விட்டுவிட்டார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஏழில் ஆறு வீடுகளில் படம் வரவைக்க முடிந்தது. எல்லாக் குழாய்களிலும் ஜெராய் இருக்கும் திசையைச் சிவப்பு வண்ணத்தால் கோடிட்டு வைத்தேன். காற்றில் திரும்பிவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்தக் கோட்டுக்குத் திருப்பி வைக்கலாம். ஏழாவது வீடு மேட்டின் அடிவாரத்தில், ஓடைப் பள்ளத்தில் இருக்கிறது. தனியாக இருக்கும் ஒரு பெரியம்மாவின் வீடு. ஆறு மீட்டர்க் குழாய் நட்டும் தரம் பத்தைத் தாண்டவில்லை. தரைவழி அலை எட்டாத இடங்களுக்கு அதே அலைவரிசைகளைச் செயற்கைக்கோள் தட்டு வழியாகத் தரும் ஏற்பாடு உண்டு என்பதால், வீட்டின் இருப்பிடம், நாங்கள் எடுத்த அளவுகளின் படங்கள் எல்லாம் சேர்த்து மலாயில் ஒரு விண்ணப்பம் எழுதிப் பெரியம்மாவின் கையொப்பத்தோடு அனுப்பினேன். பதிலுக்குரிய தொலைபேசி எண்ணாகப் பக்கத்து வீட்டுப் பேரனின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அதுவரை பெரியம்மா மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு செய்தி பார்ப்பதாக ஏற்பாடு. மழை நாளில் அந்த ஓடைப் பாதை வழுக்கும். அன்று மட்டும் அவரால் வர முடியாது.