தரவுத்தளங்களின் மவுசு: இரண்டு அளவுகோல்கள்

பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தத் தரவுத்தளத்துக்கு, அதாவது தகவல்களைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருளுக்கு, மவுசு அதிகம் என்பதைத்தான். யாருடைய பட்டியலைத் திறக்கிறோமோ, அதற்கேற்ப விடை மாறும்.

ஆஸ்திரியாவில் 2012இல் தொடங்கிய டிபி-எஞ்சின்ஸ் பட்டியல் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. தேடுபொறிகளில் ஒரு தரவுத்தளத்தின் பெயர் எத்தனை பக்கங்களில் சிக்குகிறது, கூகுள் டிரெண்ட்ஸில் எவ்வளவு தேடப்படுகிறது, வேலை விளம்பரங்களிலும் லிங்க்ட்இன் சுயவிவரங்களிலும் எவ்வளவு தென்படுகிறது என்பதையெல்லாம் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். எத்தனை கணினிகளில் ஓடுகிறது என்பதை அளப்பதே இல்லை. அதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். காசிமேட்டு ஏலக் கூச்சலை வைத்து மீனை எடைபோடுவது போலத்தான். கோடிக்கணக்கான கைபேசிகளுக்குள் சத்தமில்லாமல் உழைக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் அங்கே முதல் ஐந்துக்குள் வருவதில்லை. நெடுங்காலமாக ஆரக்கிள் தரவுத்தளத்துக்கே முதலிடம்.

நிரலாளர்கள் கேள்வி-பதில் பரிமாறும் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவின் ஆண்டுக் கணக்கெடுப்பு நிரலாளர்களையே நேரடியாகக் கேட்கிறது. 2024இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 49 சதவீதம், மைஎஸ்கியூஎல் 40. ஆரக்கிள் வெறும் 10. ஆனால் தாமாக முன்வருபவர்கள் மட்டுமே அதில் பதில் தருகிறார்கள். வங்கியின் பழைய ஆரக்கிளைக் கட்டிக்காப்பவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாரா, சந்தேகம்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். வங்கி, காப்பீடு என்று பராமரிப்பு வேலைக்குக் குறிவைப்பவர்கள் முதலாவதைப் பார்க்கட்டும். அதிலும் ஒரு மாத ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, சில ஆண்டுகளின் போக்கை மட்டும்.