டார்னா, ஆர்தேஷா? சைக்கிளுக்கு எது?

தெற்கு பிரான்சில் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ரோடு பைக் ஓட்ட ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் டார்ன், ஆர்தேஷ் என்ற இரண்டு ஆறுகளில் என் ஓட்டு டார்னுக்கு.

ஆர்தேஷ் அழகில்லை என்று சொல்லவில்லை. வல்லோன் ஊரைத் தாண்டியதும் போன் தார்க், ஆறே பாறையைக் குடைந்து உண்டாக்கிய ஐம்பது மீட்டருக்கு மேல் உயரமான இயற்கை வளைவு, சாலையிலிருந்தே தெரியும். ஆனால் அதற்கப்புறம் டி290 சாலை மலை விளிம்புக்கு ஏறிவிடும். ஆறு எங்கேயோ கீழே கிடக்கும், நாம் மேலே வெயிலில் ஏறி இறங்கி, ஒவ்வொரு வியூ பாயிண்டிலும் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். வழியில் ஊர் என்று எதுவும் இல்லை, அதனால் தண்ணீர் பாட்டில் இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

டார்னில் சாலை ஆற்றோடு ஒட்டியே போகும். செந்த் எனிமி ஊரிலிருந்து ல ரோசியே ஊர் வரை பெரும்பாலும் இறக்கம்தான், கால் அலுக்காது. பாறையை வெட்டிய சின்னச் சுரங்கங்களில் நுழையும்போது கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள், ஒரு நொடி கண்ணே தெரியாது. செந்த் எனிமியின் கல் பாவிய சந்துகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும், பெடலில் மாட்டிக்கொள்ளும் க்ளீட் ஷூ வழுக்கும். ஏறியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு லே வீஞ்ஞ் ஊரிலிருந்து புவான் சுப்லீம் வியூ பாயிண்டுக்கு ஏற்றம் இருக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் இரண்டுமே வேண்டாம், கேரவன் வண்டிகள் உரசிக்கொண்டு போகும். மே அல்லது செப்டம்பர் சரி.