பாயின்ட்டா, மொடியூலா? மலை ஏறும் பழைய பிக்கப்பின் இக்னிஷன் வழக்கு

இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் டட்சன் சன்னி போன்ற பழைய பெற்றோல் பிக்கப்புகளை விற்க யாருக்கும் மனம் வரவில்லை. மலையகத்தில் மரக்கறியும் உரமும் ஏற்றிக்கொண்டு அவை இன்றும் ஓடுகின்றன. ஆனால் ஏற்றத்தில் நின்றுவிடுகின்றன. நின்றதும் கராஜில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டையும் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) கொண்டென்சரையும் (அந்த முனை கருகாமல் காக்கும் சிறு மின்தேக்கி) வைத்துக்கொண்டு சமாளிப்பதா, கழற்றி எறிந்துவிட்டு அதே வேலையைச் செய்யும் எலெக்ட்ரொனிக் மொடியூல் போடுவதா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் ஒரு படி முன்னதாகவே கேட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். குற்றவாளி தீப்பொறி தரும் இக்னிஷன்தானா என்று முதலில் தெரிய வேண்டும். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறினால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த காபரேட்டர் அங்கே தேவைக்கு அதிகமாகப் பெற்றோலைத் தருகிறது. பிளக் கரி பிடிக்கும், ஐடிலிங் நடுங்கும், சந்தியில் காலை எடுத்தவுடன் என்ஜின் அணையும். "பாயின்ட் போய்விட்டது, அண்ணே" என்று கராஜில் தீர்ப்புச் சொல்வார்கள். எத்தனை விலை உயர்ந்த மொடியூலும் இந்த நோயைத் தீர்க்காது.

வண்டி நின்ற இடத்திலேயே, பொனற் சூடு ஆறுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். சன்னியின் ஹிட்டாச்சி காபரேட்டரில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு; பெற்றோல் மட்டம் அதன் கோட்டருகே நின்றால் எரிபொருள் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மட்டம் இறங்கியிருந்தால் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, செலவு அவ்வளவுதான். அடுத்தது தீப்பொறி. பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கொயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கழற்றி, என்ஜின் உலோகத்துக்கு ஆறேழு மில்லிமீற்றர் தள்ளி, காய்ந்த ரப்பர் பிடியால் பிடித்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெற்றோல் சிந்திய இடத்தில் மட்டும் வேண்டாம். நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தால் கொயில் வரைக்கும் பழுதில்லை. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் இக்னிஷனைத் தேடலாம்.

அங்கேயும் அவசரம் கூடாது. சாவியை முழுக்கத் திருப்பும்போது என்ஜின் பற்றி, கையை எடுத்ததும் அணைந்தால், அது பாயின்ட்டின் குணமே அல்ல. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும் கொயிலுக்கு பற்றரி மின்சாரம் நேராகப் போகும். பிறகு மின்னழுத்தத்தைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அந்த ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், இல்லையேல் சாவி சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். அரை மணி ஓடிய பிறகு நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் கொயிலைச் சந்தேகிக்கலாம். ஆனால் சூட்டில் பெற்றோல் ஆவியாகிப் பம்பை அடைத்தாலும் இதே நாடகம்தான் நடக்கும். அதனால்தான் பொறியை நின்ற கணத்திலேயே பார்க்கச் சொன்னேன்.

பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயின்ட் அமர்ந்திருக்கும் தட்டிலிருந்து உடலுக்கு ஒரு மெல்லிய பின்னல் வயர் போகும். என்ஜினின் வெக்கூம் (உறிஞ்சல்) இழுக்கும் ஒவ்வொரு முறையும் தட்டு திரும்ப, அந்த வயரும் வளைந்து நிமிரும். பல ஆண்டுகள் வளைந்த பின் உறைக்குள் செம்பு அறுந்துபோகும், வெளியே பார்த்தால் புத்தம் புதிது போலவே இருக்கும். வளைவில் காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போது மட்டும் என்ஜின் வெட்டி வெட்டி இழுத்தால், இந்த வயரின் இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல் நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

இத்தனையும் பார்த்து, குற்றம் பாயின்ட்டில்தான் என்று உறுதியானால் இப்போது ஒப்பிடலாம்.

பாயின்ட்டின் பெரிய பலம், சாகும் முன் சொல்லிவிட்டுச் சாகும். தேய்மானத்தில் இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், ஏற்றத்தில் இழுவை குறையும். கவனித்தால் வாரக்கணக்கில் அவகாசம் உண்டு. சன்னியின் ஏ12 என்ஜினுக்கு இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீற்றர். ஒரு ஃபீலர் கேஜும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் இலபுக்கலைத் தேயிலைக்கு நடுவே நின்றுகொண்டும் சரிசெய்யலாம். பலவீனம், இன்று கடையில் கிடைக்கும் கொண்டென்சர்கள். புதியது என்பதற்காக நல்லதாகிவிடாது. நன்றாக ஓடும் பழையதைக் கழற்றாதீர்கள்.

மொடியூலின் பலம் வேறு. அதற்குத் தேயும் முனை கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் ஆட்டம் இருந்தால் பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் மாறும், எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது. காந்த வளையமும் உணரியும் அந்த ஆட்டத்தைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டரைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் என் வாக்கு மொடியூலுக்கே. ஆனால் அது போகும்போது முழுசாகப் போகும், வழியில் திருத்த ஒன்றும் இருக்காது. சாவியைப் போட்டுவிட்டு என்ஜினை ஓடவிடாமல் ரேடியோ கேட்டால் கொயிலும் மொடியூலும் சேர்ந்து வேகும். பற்றரி வயரை மாற்றிப் போட்டால் அந்த நொடியே மொடியூல் போய்விடும். மலைநாட்டு இரவில் பனிமூட்டம் இறங்கி ஹெட்லைட்டும் வைப்பரும் ஒன்றாக ஓடும்போதுதான் அடுத்த வில்லங்கம் வெளிவரும். சிலர் மொடியூலுக்கான மின்சாரத்தை பலாஸ்டுக்குப் பின்னால் எடுத்துவிடுகிறார்கள். 12 வோல்ட் முழுதாகக் கிடைக்காமல் அது தவறித் தவறி வேலை செய்யும். சிவப்பு வயர் பலாஸ்டுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பனிக்காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிக்கு இரண்டும் தேவையில்லை. காரணம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம், அதன் சுவரில் முடி போன்ற கரிக்கோடு, வெடித்த பிளக் வயர். இருட்டில் பொனற்றைத் திறந்து ஓடவிட்டால் பொறி எங்கே கசிகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது வழி, டட்சனைத் தயாரித்த நிஸான் பிற்காலத்தில் தானே பொருத்திய எலெக்ட்ரொனிக் டிஸ்ட்ரிபியூட்டர். பக்கவாட்டில் சிறு மொடியூல் ஒட்டியிருக்கும் ஹிட்டாச்சி வகை. பொருந்தினால் இதுதான் என் முதல் தெரிவு. தொழிற்சாலை வேலை, தேய்ந்த தண்டும் கூடவே மாறிவிடுகிறது. தினமும் சுமை ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு இதையோ மொடியூலையோ போடலாம்; ஆனால் சரிசெய்து வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஒருநாள் ஓடும் வண்டிக்கு, தண்டில் ஆட்டம் இல்லாவிட்டால் பாயின்ட்டே போதும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கப் போனால் உங்கள் பழையதையும் கையில் கொண்டுபோங்கள், தண்டின் நீளமும் அடிமுனையும் ஒத்துவர வேண்டும். பிறகு வெக்கூம் குழாயைத் துடைத்து, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் உள்ளிருக்கும் டயஃபிரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. விலை பேச வேண்டாம், அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.