மக்ரூடர் காட்டுப் பாதைக்கு வாடகை வண்டி எடுப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் ஐடஹோவின் எல்க் சிட்டி பக்கமிருந்து மொன்டானாவின் டார்பி வரை போகும் மக்ரூடர் பாதைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சுமார் 160 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது. இரண்டு பக்கமும் மோட்டார் வண்டிக்கே அனுமதியில்லாத பெருங்காடு. நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் நடந்த தடத்தை ஒட்டி 1930-களில் போட்ட சாலை. 1863-ல் அந்தப் பக்கம் கொல்லப்பட்ட லாயிட் மக்ரூடர் என்ற வியாபாரியின் பெயர்தான் அதற்கு. பல வருட ஆசை எனக்கு.

வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் எந்தச் சாலை என்று போனில் தெளிவாகச் சொன்னேன். “தாராளமாகப் போங்கள், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இருக்கிறது” என்றார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

பாதி வழியில் கூரான கல் ஒன்று பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை, டயரை மாற்றியே ஆக வேண்டும். பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னியின் உறையைக் கழற்றினேன். ரப்பர் முழுக்க மெல்லிய வெடிப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கியது. டயரின் பக்கவாட்டில் பதித்திருக்கும் தயாரிப்புக் குறியீடான டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1809. அதாவது 2009-ம் வருடம் 18-வது வாரம் செய்த டயர்! சரி, அதையாவது மாட்டலாம் என்றால், ஜாக்கி இருக்கிறது, சுற்றுகிற கம்பி இல்லை.

ஐந்து மணி நேரம். ஒரு வண்டிகூட வரவில்லை. கடைசியில் வந்த வயதான தம்பதி ஜாக்கியும் காற்றடிக்க கம்ப்ரஸரும் கொடுத்து, டார்பி வரை எங்கள் பின்னாலேயே வந்தார்கள். அவர்களை மறக்கவே மாட்டேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது டயருக்கும் ரிம்முக்கும் என்னிடமே பணம் பிடித்தார்கள். தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததாம். போகிற வழி தெரிந்தே வண்டி கொடுத்தவர்கள் பேசுகிற பேச்சா இது? ஆனால் போனில் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை.

அதனால் சாலையின் பெயரைக் குறிப்பிட்டு, அங்கே ஓட்ட அனுமதி உண்டா என்று ஈமெயிலில் பதில் வாங்குங்கள். ஸ்டெப்னி உறையை அவர்கள் கண்ணெதிரே கழற்றி, டயரின் வருடத்தைப் பாருங்கள். அப்புறம் ஜாக்கியை வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.