திருவல்லிக்கேணி மாடியறையில் எட்டுச் சனிக்கிழமைகள்: அரபு மக்கள் போராட்டங்கள் பற்றிய மாலை வகுப்பு

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இயங்கும் சிறிய வாசிப்பறை ஒன்று, அரபு நாடுகளின் குடிமைச் சமூக இயக்கங்களையும் மக்கள் போராட்டங்களையும் பற்றி எட்டு வார வகுப்பு ஒன்றைத் தமிழிலேயே நடத்தியது. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம் நடக்கும். கட்டணம் 1,200 ரூபாய். மாணவர்களுக்கு அதில் பாதி. எட்டு வாரமும் தவறாமல் சென்றவன் என்ற முறையில், அடுத்த சுற்றில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

துனிசியா என்றதும் நம் நினைவுக்கு வருவது, 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில் தீக்குளித்த தள்ளுவண்டி வியாபாரி முகமது பூஅசீசிதான். ஆசிரியரோ முதல் வாரம் அவர் பெயரையே எடுக்கவில்லை. 2008-இல் கஃப்சா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில், வேலைக்கு ஆள் எடுத்ததில் நடந்த முறைகேட்டை எதிர்த்து மாதக்கணக்கில் நீடித்த போராட்டத்திலிருந்து அவர் தொடங்கினார். 1946-இல் ஃபர்ஹாத் ஹஷாதின் தலைமையில் உருவான தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மேல்மட்டம் ஆட்சியோடு ஒத்துப்போன காலத்திலும் அதன் ஊர்க் கிளைகள் தனித்து நின்றதையும், 2011 ஜனவரி 12 அன்று ஸ்ஃபாக்ஸிலும் 14 அன்று தலைநகர் துனிஸிலும் அந்தக் கூட்டமைப்பு பொது வேலைநிறுத்தம் நடத்தியதையும், அதே 14 அன்று மாலை அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடியதையும் அவர் அடுக்கிச் சொன்னபோது, 23 ஆண்டு ஆட்சி ஒரே மாதத்தில் சரிந்ததன் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருந்தது என்பது விளங்கியது. 2013-இல் நாடு பிளவுபட இருந்த வேளையில் அதே கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கத்தோடும் மனித உரிமைக் கழகத்தோடும் வழக்கறிஞர் சங்கத்தோடும் சேர்ந்து கட்சிகளைப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைத்ததற்காகத்தான் 2015-இன் அமைதிக்கான நோபல் பரிசு அந்த நால்வர் அணிக்குக் கிடைத்தது. 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கியதைச் சொன்னதோடு அந்த வார வகுப்பு கனத்த மௌனத்தில் முடிந்தது.

எகிப்து வாரமும் இதே போக்கில்தான் அமைந்தது. 2011-இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் அதிபர் முபாரக்கை வீழ்த்திய 18 நாள் போராட்டத்துக்கு ஒரு மணி நேரமும், 2006 டிசம்பரில் மஹல்லா நூற்பாலையில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கப்பட்டன. அங்கே முதலில் வெளியேறியவர்கள் தையல் பிரிவுப் பெண்கள். ‘ஆண்கள் எங்கே? பெண்கள் இதோ இருக்கிறோம்’ என்று கோஷமிட்டபடி மற்ற பிரிவுகளுக்குள் சென்று ஆண்களையும் எழுப்பிக் கொண்டுவந்தார்கள். பெரம்பூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 1918-இல் மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கிய காலத்தைப் பற்றித் தம் பாட்டனார் சொன்னவற்றைப் பகிர்ந்துகொண்டார். அவரைக் கால் மணி நேரம் தடையின்றிப் பேசவிட்டதற்காகவே ஆசிரியரை நான் மதிக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, சொற்களுக்கென்றே ஒதுக்கிய ஐந்தாம் வாரம். குடிமைச் சமூகத்துக்கு அரபு மொழியில் இரண்டு வழக்குகள் உண்டு. நகரத்தையும் குடிமையையும் குறிக்கும் வேரிலிருந்து வரும் ‘மதனி’ ஒன்று. உற்றார், ஊரார் என்ற பொருளிலிருந்து வரும் ‘அஹ்லி’ மற்றொன்று. அறக்கட்டளை, ஊர்ச் சங்கம், தருமக் காரியம் எல்லாம் இரண்டாவதற்குள் அடங்கும். இதன்பின் தஹ்ரீரின் கோஷம் கரும்பலகையில் எழுதப்பட்டது: ‘ஐஷ், ஹுர்ரிய்யா, அதாலா இஜ்திமாஇய்யா’. இரண்டாவது சுதந்திரம், மூன்றாவது சமூக நீதி என்பதில் சிக்கல் இல்லை. ‘ஐஷ்’ என்பதை எப்படிச் சொல்வது? எகிப்தியப் பேச்சுவழக்கில் அது ரொட்டி; அதன் மூலப்பொருள் வாழ்வு. ‘ரொட்டி’ என்று எழுதியதை முன்வரிசைப் பெண் ஒருவர் எழுந்து சென்று அழித்துவிட்டு ‘சோறு’ என்று எழுதினார். கோதுமையைச் சோறாக்கலாமா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. சோறே சரி என்பது என் கட்சி.

ஈராக், சூடான் வகுப்புகளும் நிறைவானவை. 2019 அக்டோபரில் அரசை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது, பாக்தாத்திலும் அதே பெயர் கொண்ட தஹ்ரீர் சதுக்கத்தில் காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குச் சுமந்தவை நம் ஊர் ஆட்டோவைப் போன்ற டுக்-டுக் வண்டிகள். அவற்றை ஓட்டிய ஏழை இளைஞர்களே அந்த எழுச்சியின் அடையாளமானார்கள். சூடானில் அதிபர் உமர் அல்-பஷீரின் ஆட்சிக்கு எதிராகத் தெருத்தெருவாக உருவான எதிர்ப்புக் குழுக்களைச் சேர்ந்த பலர், 2023 ஏப்ரலில் போர் மூண்ட பிறகு அவசர உதவி அறைகளை அமைத்துப் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். மெரினாவின் 2017 ஜனவரியைச் சிலர் இங்கே பெருமையோடு நினைவூட்டினார்கள். கூட்டம் கலைந்த மறுநாள் எந்த அமைப்பு மிஞ்சியது என்று ஆசிரியர் கேட்டார். அறையில் யாரிடமும் உடனடிப் பதில் இல்லை.

குறைகளும் உண்டு. படிக்கட்டு செங்குத்தானது; முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். நகலெடுத்துத் தந்த தாள்களில் பாதி வாசிக்க முடியாத அளவு மங்கியிருந்தன. சிரியா, ஏமன், லிபியா மூன்றையும் ஒரே மாலையில் திணித்தது அந்த மக்கள் பட்ட பாட்டுக்கு நியாயம் செய்யவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வளைகுடா நாடுகள் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய இல்லாததை என்னால் பொறுக்க முடியவில்லை. 2011-இல் மக்கள் திரண்டு போராடிய பஹ்ரைனின் முத்துச் சதுக்கம் ஒரே ஒரு படத்தோடு கடந்துபோனது. நம் மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆள்கள் போகும் இடம் வளைகுடா. வெளிநாட்டுத் தொழிலாளியை அவரை அழைத்த முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா முறையின் பெயர் தெரியாத குடும்பம் ராமநாதபுரத்தில் உண்டா? 2006-லும் 2007-லும் துபாயில் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்த கட்டுமானத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தெற்காசியர்கள். சங்கம் வைக்கும் உரிமையே இல்லாத மண்ணில், நாடு கடத்தப்படும் அபாயத்தை அறிந்தே வேலையை நிறுத்தினார்கள். அரபு உலகின் போராட்ட வரலாறு அவர்களுடையதும்தான்.

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் பதினோரு ஆண்டுகள் மின்பணியாளராக இருந்து திரும்பிய ஒருவர் எங்களோடு படித்தார். கடைசி வகுப்பு முடிந்ததும், வளைகுடாத் தொழிலாளர்களுக்கென்று ஒன்பதாவது வாரம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று அவர் கருத்துப் பதிவேட்டில் எழுதினார். அதன் கீழ் நாங்கள் பதினான்கு பேர் கையெழுத்திட்டோம். அந்த வாரம் சேர்க்கப்பட்டால், முழுக் கட்டணமும் கட்டி மீண்டும் எட்டு வாரமும் உட்கார நான் தயார்.