"எல்லாம் அழிச்சாச்சு" என்று காலித் திரையைக் காட்டினால் நம்பாதீர்கள்

டர்பன் பக்கம் கோயில் சங்கம், தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் கவனத்துக்கு. தைப்பூசக் காவடிப் பதிவுக்காக எங்கள் சங்கம் ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடித்து அமேசானின் கணினிகளை வாடகைக்கு எடுக்கும் சேவையான அமேசான் கிளவுடில் (ஏடபிள்யூஎஸ்) இரண்டு சர்வர் போடச் சொன்னது. கேப் டவுனில்தான் வைக்க வேண்டும் என்று பேச்சு. திருவிழா முடிந்ததும் அவர் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து 'ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்கிரைப்-இன்ஸ்டன்சஸ்' என்று அடித்தார். இன்ஸ்டன்ஸ்களை, அதாவது வாடகை சர்வர்களைப் பட்டியலிடும் கட்டளை அது. காலிப் பட்டியல் வந்தது. "பாருங்க ஐயா, எல்லாம் அழிச்சாச்சு" என்று மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மூன்று மாதமும் சங்கத்து கார்டில் டாலர் கணக்கில் பணம் போனது.

கட்டளை பொய் சொல்லவில்லை. அது ஒரு நேரத்தில் ஒரு ரீஜியனை, அதாவது அமேசான் சர்வர்கள் இருக்கும் ஒரு வட்டாரத்தைத்தான் பார்க்கும். எந்த ரீஜியனைப் பார்ப்பது என்று குறித்து வைக்கும் அவருடைய கான்ஃபிக் கோப்பில் இருந்தது 'ஏஎஃப்-சவுத்-1', அதாவது கேப் டவுன். சர்வர்களோ 'யூஎஸ்-ஈஸ்ட்-1' எனும் வர்ஜீனியாவில். கேப் டவுன் ரீஜியனைக் கணக்கில் தனியாக இயக்க வேண்டும். அவர் அதை இயக்கி வைத்ததோடு சரி, சர்வரை அங்கே போடவில்லை. இயக்காமலே விட்டிருந்தால் காலிப் பட்டியலுக்குப் பதில் பிழைச் செய்தி வந்திருக்கும், அன்றே பிடிபட்டிருப்பார்.

வேலை முடிந்தது என்று யாராவது திரையைக் காட்டினால் முதலில், எந்தக் கணக்குக்குள் இருக்கிறார் என்று காட்டும் 'எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி' அடிக்கச் சொல்லுங்கள். வரும் 12 இலக்கக் கணக்கு எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். வேறு கணக்கைக் காட்டியும் ஏமாற்றலாம். பிறகு 'டிஸ்கிரைப்-ரீஜியன்ஸ்' தரும் ஒவ்வொரு ரீஜியன் பெயரையும் '--ரீஜியன்' பக்கத்தில் போட்டு இன்ஸ்டன்ஸ் பட்டியலை எடுங்கள். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நாலு வரி லூப் போதும்.

இன்ஸ்டன்ஸ் இல்லை என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். 'ஸ்டாப்' செய்த சர்வருக்கு ஓடும் கட்டணம்தான் நிற்கும், டிஸ்க் கட்டணம் நிற்காது. 'டெர்மினேட்' செய்து சர்வரையே அழித்தாலும், பின்னால் கூடுதலாக மாட்டிய டிஸ்க் தானாக அழியாது. 'டிஸ்கிரைப்-வால்யூம்ஸ்' கொடுத்து 'அவைலபிள்' என்று, அதாவது எந்தச் சர்வரிலும் மாட்டாமல் நிற்பவற்றைப் பாருங்கள். எங்கள் காசு போனதில் பாதி அங்கேதான். 'டிஸ்கிரைப்-அட்ரஸஸ்' காட்டும் எலாஸ்டிக் ஐபியை (கணக்குக்கு ஒதுக்கிய நிலையான இணைய முகவரி) சர்வரிலிருந்து கழற்றினால் மட்டும் போதாது, 'ரிலீஸ்' செய்ய வேண்டும். 2024 பிப்ரவரி முதல் இப்படிப்பட்ட ஒவ்வொரு பொது ஐபிவி4 இணைய முகவரிக்கும், சர்வரில் மாட்டியிருந்தாலும் சரி, மணிக்கு 0.005 டாலர், 30 நாளைக்கு 3.60. ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் நகல்) தேடும்போது '--ஓனர்-ஐடிஸ் செல்ஃப்' சேர்க்காவிட்டால் ஊரார் பொதுவில் விட்டதெல்லாம் வந்து கொட்டும்.

பில்லைவிடப் பெரிய வம்பு சாவி, அதாவது கட்டளைகள் கணக்குக்குள் நுழையப் பயன்படும் ரகசியக் குறியீடு. 'ஐஏஎம் கெட்-அக்கவுன்ட்-சம்மரி'யில் 'அக்கவுன்ட்-ஆக்சஸ்-கீஸ்-பிரசன்ட்' 1 என்று வந்தால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கே சாவி போட்டிருக்கிறார் என்று பொருள். எங்களுக்கு 1 வந்தது. அது அவர் லேப்டாப்பில் 'கிரெடென்ஷியல்ஸ்' கோப்பில் பூட்டில்லாத வெறும் எழுத்தாகக் கிடக்கும். ரூட்டாக உள்ளே போய் அதை நீக்குங்கள். மற்ற பயனர் சாவிகளை எடுத்ததும் அழிக்காமல் 'இன்ஆக்டிவ்' ஆக்கி ஒரு வாரம் விடுங்கள். பேக்கப் ஸ்கிரிப்ட் எதுவும் அதை நம்பி ஓடினால் அப்போது கத்தும், திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் ரூட் மின்னஞ்சல் சங்கத்துடையதாக இருக்க வேண்டும். எங்கள் கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் திறந்தது. அதை மாற்றித் தரச் சொல்லி இன்னும் அவர் பின்னால் அலைகிறோம்.